குருண் போகும் வழியில் நின்றுபோன வலி

லூனாஸிலிருந்து குருணுக்கு எப்படிப் போவது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வழியைச் சொல்கிறேன், கூடவே அந்த வழியில் நான் பயந்து செத்த கதையையும். எண்பத்திரண்டு டிசம்பர், பள்ளி விடுமுறை. குருணில் என் நாத்தனார் மகளுக்கு ஞானஸ்நானம். நானும் என் வீட்டுக்காரர் அந்தோணியும் காலை ஏழரைக்குக் கிளம்பினோம். பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் வழியாக நாற்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவு. முழு டாக்சிக்கு வாடகை இருபத்தைந்து வெள்ளி.

முந்தின மாலையிலிருந்தே அவருக்குத் தொப்புளைச் சுற்றி வலி. விடிந்தபோது அது வலது அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது. பாடாங் செராய் தாண்டியதும் வாந்தி. மனுஷனால் நிமிரவே முடியவில்லை.

"அங்கின்தான்லா அக்கா, காத்து அடைச்சிருக்கு. தைலம் போட்டு நல்லா தேய்ச்சு விடுங்க," என்றார் டிரைவர் முத்து. எங்கள் பக்கம் தலைசுற்றல், குளிர், வயிற்றுவலி எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மலாய்ச் சொல் போதும். அங்கின் என்று பெயர் வைத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும், பாருங்கள். ரப்பர் மரங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தி, கால் மணி நேரம் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். அவர் கத்தினார். "காத்து கலையுது, கொஞ்சம் பொறுங்க," என்றேன். என்ன திமிர் எனக்கு!

சுங்கை பட்டாணி நெருங்கும்போது, "ஏய், வலி போச்சு!" என்று சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே இறங்கிக் காப்பி குடித்தோம். ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பீடோங்கில் அவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. உதடு வெளுத்துவிட்டது. வயிற்றைத் தொட்டேன், பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. விரல் பட்டதற்கே அலறினார். "திருப்பு தம்பி, வண்டியைத் திருப்பு!" என்று நானும் அலறினேன். மாதாவே, இவரைக் கொண்டுபோய்விடாதே என்று வழியெல்லாம் அழுதேன்.

சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸியிடமும் அங்கின் என்றுதான் சொன்னேன், பிறகு வலி நின்றுவிட்டது என்றேன். பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து டாக்டர் சட்டென்று திரும்பினார். "நோவு எப்ப நிண்டது?"

"ஒரு மணி நேரம் இருக்கும் டாக்டர்."

"அப்பெண்டிக்ஸ் வெடிச்சிட்டுது. வெடிச்ச உடனே கொஞ்ச நேரம் சுகமாத்தான் இருக்கும்."

உடனே ஆபரேஷன். பதினேழு நாள் படுக்கை. நான் தேய்த்ததாலா என்று கேட்டேன். "சொல்ல ஏலாது. ஆனா தேய்ச்சிருக்கக் கூடாது," என்றார்.

பயணம் போகிறவர்களே, வயிற்றுவலிக்குக் கெட்ட சாப்பாடு, அல்சர், சிறுநீரகக் கல், அப்பெண்டிக்ஸ், பெண்களுக்குக் கருப்பைக்கு வெளியே தங்கிய கரு என்று காரணம் பல. எது என்று காருக்குள் உட்கார்ந்து கண்டுபிடிக்காதீர்கள். வலி ஒரே இடத்தில் கூடிக்கொண்டே போனால், வயிறு இறுகினால், காய்ச்சலோ மயக்கமோ வந்தால், வாந்தியில் ரத்தம் இருந்தால், மலம் கறுத்தால், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தேய்க்காதீர்கள், பேதி மருந்து கொடுக்காதீர்கள், சாப்பிடவும் கொடுக்காதீர்கள். கடும் வலி திடீரென்று நின்றால் இன்னும் வேகமாக ஓடுங்கள்.

அவர் நன்றாக இருக்கிறார். "அன்னிக்கு என் பொண்டாட்டி தேய்ச்சு விட்டதுலதான் உசுரு தங்குச்சு," என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறார். டாக்டர் சொன்னதை இன்றுவரை நான் அவரிடம் சொன்னதில்லை.