குதிரைக்குக் கால் வலி

வீரம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. படம் தெரியாமல் போகுமா? மகள் இருசம்மாள் ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த படப்புத்தகத்தின் அட்டையில், ஒரு சின்னப்பெண் இடுப்பில் பொய்க்கால் குதிரையோடு கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தாள். குதிரையின் ஒரு காதில் நீலத்துணி ஒட்டு. அந்த ஒட்டைப் போட்டவளே வீரம்மாள்தான்.

"நாந்தாண்டி இது."

"போம்மா, இது ராணி" என்றாள் மகள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், திருவெள்ளறையில் ஒரு கல்யாணம். அம்மா காய்ச்சலில் படுத்துவிட, ராணி வேஷம் பத்து வயது வீரம்மாளின் தலையில் விழுந்தது. அப்பா வீரமலைதான் ராஜா. பொய்க்கால் என்றால் சும்மாவா? மரக்காலில் ஏறி நின்று, குதிரைக் கூட்டையும் சுமந்துகொண்டு தவிலுக்கு ஈடுகொடுக்க வேண்டும். நன்றாகத்தான் ஆடினாள். எந்தப் புண்ணியவதியோ ஆரத்தித் தண்ணீரை நடுப்பாதையில் கொட்டி வைத்திருந்தாள். மரக்கால் வழுக்கி, ராணியும் குதிரையும் பொண்ணு மாப்பிள்ளையின் கார் முன்னால் குப்புற விழுந்தார்கள்.

மரக்காலோடு விழுந்தால் யாராவது தூக்கிவிடாமல் எழ முடியாது. தவில் நின்றுபோனது. "நல்ல நாளும் அதுவுமா இப்படி ஆயிடுச்சே" என்று கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. அபசகுனம் என்று பேராகிவிட்டால் சுற்றுவட்டாரத்தில் ஒரு வீட்டிலும் வீரமலையை ஆடக் கூப்பிட மாட்டார்கள். அவரும் மரக்காலில் நின்றதால் குனிந்து மகளைத் தூக்க வழியில்லை.

அப்போது கல்யாணப் பெண் காரை விட்டு இறங்கினாள். பட்டுப்புடவை சேறாவதைப் பார்க்காமல் குனிந்து, வீரம்மாளைத் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள்.

"குதிரைக்குக் கால் வலிக்குது போல. கொஞ்சம் தண்ணி காட்டுங்க, ஆடும்."

கூட்டம் சிரித்துவிட்டது. அவ்வளவுதான், சகுனமும் போச்சு, முணுமுணுப்பும் போச்சு. அந்த வருஷம் வீரமலைக்கு ஓய்வே இல்லை.

ஆனால் வீரம்மாள் வாயைத் திறப்பதற்குள் அந்தக் கார் நகர்ந்துவிட்டது. பெண்ணின் பேர்கூடத் தெரியவில்லை. வருஷங்கள் போயின, கல்யாணம் ஆயிற்று, பிள்ளையும் பிறந்தது. ஒரு வார்த்தை நன்றி சொல்லாமல் விட்டோமே என்ற குறை மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

இருசம்மாள் பக்கத்தைப் புரட்டினாள். குதிரை விழுந்து கிடந்தது. அடுத்த பக்கத்தை மகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "குதிரைக்குக் கால் வலிக்கிறது. தண்ணீர் காட்டுங்கள்."

"ஏம்மா அழுவுறே?"

மறுநாள் காலையில் வீரம்மாள் பள்ளிக்கூட வாசலில் ரோசம்மாள் டீச்சரைப் பிடித்தாள்.

"இதை எழுதினது யாருங்க டீச்சர்?"

"நம்ம வள்ளிக்கண்ணு டீச்சர்தான். தன் கல்யாணத்துல நடந்ததுன்னு சொல்வாங்க. தில்லை நகர்ல இருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை மகளோடு பஸ் ஏறினாள். வழியெல்லாம் என்னென்னவோ சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"யாரும்மா?"

"அக்கா... குதிரைக்குக் கால் வலி போயிடுச்சுங்க."

வள்ளிக்கண்ணு கதவை விட்டு வெளியே வந்தாள். பிறகு வீரம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி காட்டினாங்களா?"

"காட்டினாங்கக்கா. நீங்க இல்லேன்னா அன்னியோட எங்க பொழப்பே போயிருக்கும். இதைச் சொல்லத்தான் இத்தனை நாளாத் தேடினேன்."

வள்ளிக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு இருசம்மாளிடம் குனிந்தாள்.

"உங்கம்மாதான் அந்த ராணி, தெரியுமா?"

இருசம்மாள் அட்டையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் பக்கம் நெருங்கி நின்றுகொண்டாள்.