சாமியைப் பிறக்கும் முன்னே சாகவைத்த மைக்செட் அண்ணாச்சி

மைக்செட் சங்கரபாண்டி அண்ணாச்சி காலமான செய்தி வந்தபோது நான் ஒரு கல்யாணப் பந்தலின் உச்சியில், மூங்கிலைக் காலால் கவ்விக்கொண்டு நின்றிருந்தேன். சட்டைப் பையில் போன் அடித்தது. எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் அண்ணாச்சியின் மனைவி, மதினி பேசினார்கள். "தம்பி, எங்கன இருக்கிய?" என்றார்கள். பந்தல் மேலே என்றேன். "அப்பம் பைய இறங்கிட்டுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்கள். இறங்கிக் கூப்பிட்டேன். "உங்க அண்ணாச்சி உறக்கத்துலயே போயிட்டாவ" என்றார்கள். தம்முடைய வீட்டில் இடி விழுந்த வேளையிலும் நான் விழுந்துவிடக் கூடாதென்று நினைத்த மதினியைக் கைகூப்பி வணங்கிவிட்டுத் தொடங்குகிறேன்.

நம் பந்தல், மைக்செட், சீரியல் செட் வட்டாரத்தில் அண்ணாச்சியிடம் வசவு வாங்காதவர்கள் கை தூக்கலாம் என்றால் ஒரு கையும் எழாது. பேட்டையில் அவர் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினால் பாபநாசத்துக் குரங்குகள் காதைப் பொத்தும். தாமிரபரணி ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுத்தான் ஸ்ரீவைகுண்டத்துக்குப் போகும். இதில் பொய் இருப்பதாக நினைப்பவர்கள் ஆற்றையே கேட்டுக்கொள்ளலாம்.

அப்பேர்ப்பட்டவரைக் கவிழ்த்தது ஒரு பெயர். இசைத்தட்டுக் காலம் போய், கேசட் காலம் போய், பாட்டெல்லாம் கம்ப்யூட்டருக்குள் குடியேறியபோது அங்கே எந்தப் பாட்டுக்கும் ஒழுங்கான பெயர் கிடையாது. ஒன்றுக்கு 'டிராக் ஏழு' என்று பெயர். இன்னொன்றுக்கும் 'டிராக் ஏழு' என்றே பெயர். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம், கெட்டிமேளம் என்று நினைத்து அண்ணாச்சி தட்டிய டிராக் ஏழு, ஒப்பாரி. மண்டபமே உறைந்தது. நல்லவேளை, பெண்ணின் அம்மா அந்நேரம் பார்த்து அழுதார்கள். மகளை அனுப்புகிற துக்கத்துக்குத் தோதாக மைக்செட்காரர் போட்டிருக்கிறார் என்று சனம் சமாதானமாயிற்று.

"பாட்டு நல்லாருந்தா மட்டும் போதாதுலே பந்தலு, கூப்பிட்டா வரணும்" என்றார் அன்று. என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. ஊருக்குப் பந்தல் போடுவதால் நான் பந்தலு.

மறுவாரமே அவர் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் ஏறியது. ஆயிரம் கோப்புகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் எல்லாவற்றுக்கும் பெயர் மாற்றுவதுதான் அதன் வேலை. இடப்பக்கம் பழைய பெயர் தெரியும், வலப்பக்கம் வரப்போகிற பெயர் தெரியும். பார்த்துச் சரியென்றால் பொத்தானை அழுத்த வேண்டும். அண்ணாச்சிக்குப் பார்ப்பதில் நம்பிக்கை இல்லை, அழுத்துவதில்தான் நம்பிக்கை.

முதல் நாளே ஒரு புரட்சி செய்தார். "எல்லாப் பேருக்கும் பின்னால புள்ளி வச்சு ஒரு எம்.பி.த்ரீ தொங்குது பாத்தியா? மனுசப் பேருக்கு வாலு உண்டா வே?" என்று கேட்டு, அத்தனை வால்களையும் ஒரே வெட்டில் வெட்டினார். வாலறுந்த நாய்கூடக் குரைக்கும். வாலறுந்த பாட்டு வாய் திறக்கவில்லை. பக்திப் பாட்டு, காதல் பாட்டு, தேர்தல் பாட்டு எல்லாம் ஒன்றாக மௌனவிரதம். பேட்டையில் அன்று காக்கை கரைந்தது உடன்குடியில் கேட்டதாகச் சொல்வார்கள். அதே மென்பொருளால் வாலை ஒட்டவைத்துவிட்டு, "என்னதாம்லே ஆவுதுன்னு பாத்தேன்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

இனிச் சொல்லப்போவது உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். தெரிந்தாலும் சும்மா கேளுங்கள்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் மாடசாமிக்குக் கொடைத் திருவிழா. பந்தல் நான், மைக்செட் அண்ணாச்சி. மத்தியானக் கொடைக்குப் பாட வேண்டிய வில்லுப்பாட்டுக் குழுவின் வேன் சாத்தான்குளத்திலேயே படுத்துவிட்டது. வில்லு இல்லாமல் சாமியின் கதை இல்லை; கதை கேட்காமல் சாமியாடிக்கு அருள் வராது. அருள் வராவிட்டால் சாமி கோபித்துக்கொண்டதாகவே ஊர் எடுத்துக்கொள்ளும். தர்மகர்த்தா கையைப் பிசைந்தார். "ஒண்ணுக்கும் கவலப்படாதிய. போன வருசம் அவிய பாடுனது முழுக்க எங்கிட்ட இருக்கு" என்றார் அண்ணாச்சி. உண்மைதான். பன்னிரண்டு துண்டுகளாகப் பதிவாகியிருந்ததை முந்தின வாரம்தான் மென்பொருளில் போட்டு, 'சாமி கதை 1' முதல் 'சாமி கதை 12' வரை பெயர் சூட்டியிருந்தார். இத்தனை பேர் முன்னால் வாய்விட்டுச் சொன்னபிறகு, சாமி வராவிட்டால் ஆற்றின் இரு கரையிலும் அண்ணாச்சிக்கு அப்புறம் ஒரு கொடை கிடையாது.

முதல் துண்டு ஓடியது. காப்புப் பாடல், கச்சிதம். சாமியாடி கண்ணை மூடினார். அடுத்ததாகப் பிறப்பு வர வேண்டும். வந்ததோ, மாடனை வஞ்சகர்கள் வெட்டிச் சாய்க்கிற இடம்! சாமியாடி ஒரு கண்ணைத் திறந்து குழாயைப் பார்த்தார். பிறகு மாடன் தெய்வமாகி வரம் கொடுத்தார். பிறகு மங்களம். மங்களம் கேட்ட பெண்கள் குலவையிட்டுவிட்டு, பொங்காத பானையை இறக்கத் தொடங்கினார்கள். அப்போது குழாய் மாடன் பிறந்த சேதியை உற்சாகமாக அறிவித்தது.

"ஏ மைக்செட்டு! கருமாதி முடிஞ்சு புள்ள பொறந்திருக்கு, சீனி குடும் வே!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

நான் மைக்கைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியிடம் ஓடினேன். அவர் திரையை முறைத்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுக்குப் பொறவு பத்து வருதுலே. பதினொண்ணு, பன்னெண்டு முடிச்சுட்டு ரெண்டுக்கு வருது. இந்தப் பயல எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்க வச்சாவ?" கம்ப்யூட்டர் எண்ணைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்த்தது, முதல் எழுத்து ஒன்று என்றால் பத்தும் அதற்கு ஒன்றின் தம்பிதான். ஒற்றை எண்களுக்கு முன்னால் சைபர் போட்டால் தீர்ந்தது. மென்பொருளைத் திறந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக, அழுத்துவதற்கு முன்னால் வலப்பக்கத்தைப் படித்தார். அழுத்தினார். வெயிலில் வெந்த கம்ப்யூட்டர் அப்படியே நின்றுபோனது.

"பிடிலே அந்த மைக்க" என்றார்.

காணாமல்போன பிள்ளைகளையும் கண்டெடுத்த சாவிக்கொத்துகளையும் அறிவித்த அதே குரலில், மாடன் பிறந்த கதையை அவரே பாடத் தொடங்கினார். பாட்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சுதி மேற்கே மாஞ்சோலை ஏற, தாளம் கிழக்கே கடலுக்குப் போனது. பாதியில் வரி மறந்து, "அன்பார்ந்த பொதுமக்களே, ஆத்தங்கரையில ஒரு புள்ள பொறந்திருக்கான், அவன் நம்ம புள்ள" என்றார். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கியது. குரல் உடைய, அந்த வரியையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மைக்கை இன்னும் அவர் வாயருகே நீட்டினேன். சாமியாடியின் தோள் குலுங்கியது. பிறகு ஒரே பாய்ச்சல்!

சாமி நேரே மைக்செட் மேசைக்கு வந்தது. "ஏலே! என்னப் பொறக்கு முன்ன சாகடிச்சியேலே!" என்றது. அண்ணாச்சி, "அது சைபர் கோளாறு சாமி" என்றார். சாமி திருநீற்றை அள்ளி அவர் நெற்றியில் அறைந்தது. "இனி எம் பொறப்பு நீ சொல்லித்தாம்லே நடக்கணும். அந்தப் பெட்டி சொல்லப்படாது."

அன்றிலிருந்து வருடா வருடம் வில்லுக்காரர்கள் பிறப்புக்கு முன்னால் நிறுத்திக்கொள்ள, அண்ணாச்சி எழுந்து மாடனைப் பிறக்கவைத்தார். ஒரு வருடமும் சுதி சேரவில்லை. ஒரு வருடமும் சாமி வராமல் இருந்ததில்லை.

அண்ணாச்சி வீட்டுக்குத் துட்டி கேட்க வந்த தர்மகர்த்தா என்னைத் தனியே கூப்பிட்டார். "கொடை வருது. சாமி வாக்க மீற முடியாது. அன்னைக்கு மைக்கப் பிடிச்சிட்டு நின்னது நீருதாம். நீரே பாடிரும்" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன்.

ஆகவே, அன்பர்களே, அண்ணாச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது மாடனின் பிறப்பு, சுதியில்லாமல். எங்கள் வீட்டு மாடியில் தினமும் பாடிப் பழகுகிறேன். தெருவில் சிலர் வீடு மாற்றும் யோசனையில் இருக்கிறார்கள். நேற்று பாதியில் வரி மறந்து நின்றேன். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மதினி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்கள்:

"அவிய பாடுன மாதிரியே இருக்கு, கேக்கவே முடியல தம்பி. நிறுத்தாதிய, பாடுங்க."