ஆறாவது குரல்

இது நடந்தது. சத்தியம் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, அதனால் ஆதாரத்தைச் சொல்லிவிடுகிறேன். நீல அட்டை போட்ட ஒரு குறிப்பேடு இருக்கிறது. தேதி, மணி, நிமிடம், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. எழுதியவர் என் மச்சான். அவர் பேயை நம்புகிறவர் இல்லை. சொல்லப்போனால் தன்னைத் தவிர யாரையுமே நம்புகிறவர் இல்லை. அப்படிப்பட்டவர் கைப்பட எழுதியது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஒரு பெரிய நிறுவனத்தில் பயிற்சி மேலாளர். நேரத்தை வீணாக்காமல் இருப்பது எப்படி என்று நாள் முழுக்க வகுப்பெடுத்து ஐம்பது பேருடைய நேரத்தை வீணாக்குவது அவர் வேலை. போன வருட விடுமுறைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து தீம் பார்க்குக்குப் போவதென்று அவர் முடிவு செய்தார். "நாம எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு" என்று எங்களுக்கும் தெரிவித்தார். ஐநூற்று இருபது கிலோமீட்டர். வேன் அவருடையது. ஓட்டுவது நான். நான் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறவன். அன்று இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. நான்கு மணிக்கு வண்டியை எடுத்தேன். விரல் நுனிகளில் உணர்ச்சி திரும்பியிருக்கவில்லை. உள்ளேயும் ஏறக்குறைய அப்படித்தான்.

மச்சானிடம் இரண்டு விதிகள். ஒன்று, போன் கூடாது. "பயணத்தை அனுபவிக்கணும்" என்று எல்லோருடைய போனையும் வாங்கி, சத்தத்தை அடைத்து, ஒரு பையில் போட்டு ஜிப்பை இழுத்துத் தன் காலடியில் வைத்துக்கொள்வார்.

இரண்டாவது, எண்ணிக்கை. ஒருமுறை சுற்றுலா போன இடத்தில் தலைகளை எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறதென்று வண்டியைக் கிளப்பச் சொன்னார். பத்து கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் தெரிந்தது, அதில் ஒரு தலை யாரோ பெற்ற பிள்ளையுடையது. அதற்குப் பிறகு முறையை மாற்றினார். தலையை எண்ணக்கூடாது, குரலை எண்ணவேண்டும். வண்டி கிளம்பும்போதும், நடுவில் ஒரு முறையும், ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது.

"கண்ணு ஏமாத்தும் மாப்பிள்ளை. குரல் ஏமாத்தாது."

மச்சான் ஒன்று. அதைச் சொல்லவே வேண்டாம். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், இரண்டு. நான் மூன்று. என் மனைவி நான்கு. மச்சானுடைய பதினான்கு வயது மகன் ஐந்து. என் மகள் ஆறு.

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் அவள் பெயர் வாயாடி. முன்னால் நானும் மச்சானும். நடு வரிசையில் அக்கா, என் மனைவி, அந்தப் பையன். பின் வரிசை முழுக்கப் பெட்டிகள். வாயாடி அவற்றை அடுக்கி, போர்வையைத் திரையாகக் கட்டி, உள்ளே தனக்கென்று ஒரு வீடு செய்துகொண்டாள். கதவு தட்டாமல் யாரும் வரக்கூடாது என்றும் அறிவித்துவிட்டாள்.

ஆறு மணி நேரமும் அவள் வாய் ஓயவில்லை. "இன்னும் எவ்ளோ தூரம்பா?" பத்து நிமிடத்துக்கு ஒரு முறை. எண்ணிக்கையின்போது வேண்டுமென்றே "ஆஆஆ...று" என்று இழுப்பாள். மச்சான் முகம் சுளிப்பார்.

"ஒழுங்கா சொல்லு."

"ஒழுங்காதான் மாமா சொன்னேன். நீளமா சொன்னேன்."

என் மனைவிக்குக் கூடச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருந்தாள்.

10.10க்கு ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினோம். பக்கத்தில் சாப்பாட்டுக் கடை, கழிவறை, அதன் பின்னால் துருப்பிடித்த ஒரு சறுக்கு மரம். இருபத்து நான்கு நிமிடம் என்று மச்சான் ஒதுக்கியிருந்தார். இருபத்தைந்து ஆகிவிடக்கூடாதே என்று டீயை ஊதி ஊதிக் குடித்தோம்.

10.34. எல்லோரும் ஏறினோம். பின்பக்கக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு" என்றேன்.

"நாலு."

"அஞ்சு."

"ஆறு."

இழுக்கவில்லை. கச்சிதமாக, உடனே. மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா? பழக்கத்துல வந்துரும். ஒழுக்கம்ங்கறது ஒரு பயிற்சி."

குறிப்பேட்டில் எழுதினார். 10.34, ஆறு, சரி. கையெழுத்து.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்பதைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்று பின்னாலிருந்து யாரும் கேட்கவில்லை. தூங்குகிறாள் போல, நல்லது என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் அந்த வார்த்தைதான் வருகிறது. நல்லது என்று நினைத்தேன்.

11.45க்கு எண்ணிக்கை. மறுபடியும் "ஆறு". அதே வேகம், அதே அளவு. தூக்கக் கலக்கமே இல்லாத குரல். சரி. கையெழுத்து.

12.10. அக்கா பிஸ்கட் பாக்கெட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். ஓரமாக நிறுத்தி, நானே ஒன்றை வாங்கி, எழுந்து குனிந்து, நடு வரிசைக்கு மேலாகக் கையைப் பின்னால் நீட்டினேன். நடு வரிசையில் மூன்று பேரும் சாய்ந்து கிடந்தார்கள். போர்வைக்குக் கீழிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. விரல்கள் என் விரல்களில் பட்டன.

ஜில்லென்று இருந்தது.

என் கைதான் அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். குளிர்க் கிடங்குக்காரனுக்கு அதில் என்ன அதிசயம்... கிளம்பும்போது மறுபடி எண்ணிக்கை, ஆறு, சரி.

12.40. உள்கண்ணாடியில் தற்செயலாகப் பார்த்தேன். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். பின் கண்ணாடியில் மட்டும் மூச்சுப் படிந்தது போல வெள்ளையாக ஒரு வட்டம். சின்ன வட்டம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது.

1.07. தூரத்தில் தீம் பார்க்கின் பெரிய ராட்டினம் தெரிந்தது. டிக்கெட் என் போனில் இருந்தது. அதை எடுக்க நிறுத்தினோம். மச்சான் வேண்டாவெறுப்பாகப் பையின் ஜிப்பைத் திறந்தார்.

இருபத்து மூன்று தவறிய அழைப்புகள். எல்லாம் ஒரே எண். தெரியாத எண்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபத்து நான்காவது வந்தது. எடுத்தேன்.

ஒரு பெண் குரல். வயதான குரல். "சார்... உங்க பொண்ணை விட்டுட்டுப் போயிட்டீங்க சார். பங்க்குல. நம்பர் பாப்பாவே சொல்லுச்சு. இந்தாங்க, பேசுங்க."

தவறான எண் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அப்பா..."

வாயாடி. மூக்கை உறிஞ்சினாள். அழுது முடித்த குரல்.

"அப்பா, எப்பப்பா வருவே?"

பயம் என்று கூடச் சொல்ல முடியாது. எதுவும் இல்லை. விரல் நுனியில் இருந்த மரமரப்பு கழுத்து வரை ஏறியது, அவ்வளவுதான்.

மச்சானுக்கு இது எதுவும் தெரியாது. நிறுத்திய வண்டி கிளம்ப வேண்டும். அதனால் ஆரம்பித்துவிட்டார்.

"ஒண்ணு."

"ரெண்டு."

"மாப்பிள்ளை, மூணு! போனை அப்புறம் பேசலாம். மூணு!"

"மூணு" என்றேன். என் வாய் சொன்னது.

"அப்பா, ஏன்பா பேச மாட்டேங்கிறே?" காதில்.

"நாலு."

"அஞ்சு."

காதில் என் மகள் மூச்சு விடுவது கேட்டது. அவள் எதுவும் சொல்லவில்லை.

பின்னால் போர்வை அசைந்தது.

"ஆறு."

"சரி" என்றார் மச்சான். 1.09. கையெழுத்து.

நான் இறங்கினேன். பின்பக்கம் போனேன். கதவைத் திறந்தேன்.

போர்வையை இழுத்தேன்.

யாரும் இல்லை.

பிஸ்கட் காகிதம் மட்டும். நான்காக மடித்து வைத்திருந்தது. என் மகள் எதையும் மடிக்கிறவள் இல்லை.

இருக்கையின் பெல்ட் மாட்டியிருந்தது.

காலி இருக்கையின் குறுக்கே... இறுக்கமாக.

மனைவி இறங்கி வந்தாள். பார்த்தாள். என் கையிலிருந்த போனை வாங்கிக் காதில் வைத்தாள். நின்ற இடத்திலேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. "என்னங்க, வண்டியைத் திருப்புங்க" என்று மட்டும் சொன்னாள். மூன்று முறை, ஒரே மாதிரி.

திரும்பினோம். நூற்று அறுபது கிலோமீட்டர். ராட்டினம் பின்னால் சின்னதாகிப் போனது. அந்தத் தீம் பார்க்கில் நாங்கள் பார்த்தது அவ்வளவுதான். மனைவி வழி முழுக்கப் பின்பக்கம் பார்த்தே உட்கார்ந்து வந்தாள். மாட்டியிருந்த பெல்ட்டை யாரும் கழற்றவில்லை. கழற்றலாம் என்று யாரும் சொல்லக்கூட இல்லை.

மச்சான் மட்டும் அரை மணி நேரம் கழித்து ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்.

"இவன்தான் ரெண்டு நம்பரையும் சேர்த்துச் சொல்லியிருக்கான். அஞ்சு, ஆறுன்னு."

"நான் சொல்லலப்பா" என்றான் பையன். அவனுக்குப் பல் தந்தியடித்தது.

"தூக்கத்துல சொல்லியிருப்பே."

"வாயை மூடுங்க" என்றாள் அக்கா. பதினேழு வருடத் திருமணத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். மச்சான் மூடிக்கொண்டார்.

3.35க்குப் போய்ச் சேர்ந்தோம். கழிவறையைச் சுத்தம் செய்கிற அம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு ஸ்டூலில் வாயாடி. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது. அதைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன்.

"ஏம்மா வண்டில ஏறல?"

"ஏறத்தான்பா வந்தேன். அங்க ஒரு பொண்ணு நின்னா, சறுக்கு மரத்துக்கிட்ட. நீ எத்தனாவதுன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"ஆறுன்னு சொன்னேன். சரின்னு சொல்லிட்டு அவ ஏறிட்டா. கதவை மூடிட்டா. நான் கத்திக்கிட்டே ஓடி வந்தேன்பா. நீங்க யாருமே திரும்பிப் பாக்கல."

என் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"அவ மட்டும் பின் கண்ணாடியிலேர்ந்து டாட்டா காட்டினா."

வேனை ஒரு மெக்கானிக் கடையில் விட்டுவிட்டுப் பேருந்தில் வீடு வந்தோம். பயணத்திட்டத்தில் இல்லாத ஒன்றை மச்சான் செய்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு வாயாடி முன்னைப் போலத்தான் இருக்கிறாள், பேச்சும் குறையவில்லை. யாராவது எண்ண ஆரம்பித்தால் மட்டும் என் கையைப் பிடித்துக்கொள்வாள். ஆறு வருவதற்குள் அறையை விட்டு வெளியே போய்விடுவோம்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் அந்த அம்மா போன் செய்தார். மகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறாள் என்றேன். அவர் போனை வைக்கவில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்கம்மா."

"இங்க சறுக்கு மரத்துக்கிட்ட ஒரு பொண்ணு நிக்கும் சார். நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து பாக்கிறேன், பதினோரு வருஷமா. அதே உயரம், அதே சட்டை. யாரு என்னன்னு நான் கேட்டதே இல்ல. கேட்டா பதில் சொல்லிருமோன்னு பயம்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீங்க வந்துட்டுப் போன நாள்லேர்ந்து அதைக் காணோம் சார்." குரலைத் தாழ்த்தினார். "எங்க இறக்கி விட்டீங்க?"

நாங்கள் யாரையும் இறக்கி விடவில்லை.

அன்று மாலையே மச்சான் வீட்டுக்குப் போனேன். வேன் எங்கே என்று கேட்டேன். மெக்கானிக் கடையிலிருந்தே விற்றுவிட்டாராம்.

"யாருக்கு?"

"ஒரு பள்ளிக்கூடத்துக்கு. சின்னப் பிள்ளைங்களை ஏத்திப் போக. நல்ல விலை, மாப்பிள்ளை."

"பின் சீட்டு பெல்ட்டு... யாராவது கழட்டினாங்களா?"

"அதையெல்லாம் யாரு பாத்தா?" என்றார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. மேடையில் ஏறும்போது வருகிற மலர்ச்சி. அந்தப் பள்ளியின் ஆயாக்களுக்கு அரைநாள் பயிற்சி வகுப்பு எடுத்தாராம், இலவசமாக. தலையை எண்ணாதீர்கள், குரலை எண்ணுங்கள் என்று. நீல அட்டைக் குறிப்பேடு கூட ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"முதல் நாளே பதினெட்டு வரைக்கும் தடங்கலே இல்லாம வந்துச்சாம். ஆயா எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கு. இதுல வேடிக்கை என்னன்னா மாப்பிள்ளை..."

அவருக்குச் சிரிப்பு வந்தது.

"பதினொண்ணாம் நம்பர் பையன் அன்னிக்கு வரவே இல்லையாம். காய்ச்சல்னு வீட்ல படுத்திருந்தானாம்."