கல்யாண மண்டபத்தில் பழகிய ஒத்தை அடி

ஆடி மாசம் கல்யாணம் கிடையாது. அதனாலதான் அந்த மண்டபம் எங்களுக்குக் கிடைச்சுது. பட்டுக்கோட்டையில அந்த வருஷம் செயின் அறுக்கிறவனுங்க தொல்லை ஜாஸ்தி. புருஷன் வெளிநாட்டுல இருக்கிற வீடு எதுன்னு விசாரிச்சு வெச்சுக்கிட்டே பைக்குல வருவானுங்க. பயந்துபோய் எங்க தெருப் பொம்பளைங்க பன்னெண்டு பேர் தற்காப்புப் பயிற்சிக்குப் பேர் கொடுத்தோம். நானும் செயினுக்காகத்தான்னு சொல்லிக்கிட்டேன்.

பச்சைப் பொய். எனக்குத் திருடனைப் பத்திக் கவலையே இல்லை. ஆவணியில என் வீட்டுக்காரர் சவுதியிலேருந்து லீவுல வர்றதா இருந்தார். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். பெட்டியைப் பிரிச்சு சோப்பும் சென்ட்டும் ஊருக்கெல்லாம் கொடுத்து முடிக்கிற வரைக்கும் சிரிச்ச முகம். அதுக்கப்புறம் ஏதாவது ஒரு சாக்குல கை நீட்டிடுவார். போன தடவை வாங்கினதுல இடது காதுல இன்னும் ஒரு இரைச்சல் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. மானம் போகுமேன்னு நான் யார்கிட்டயும் சொல்லலை. இன்னொரு லீவை இப்படியே தாங்க முடியாதுன்னு மட்டும் தெரிஞ்சுது.

சொல்லிக்கொடுக்க வந்தது பேராவூரணிப் பொண்ணு. காலேஜ் படிக்கிறவ, எங்க எல்லாரையும் விடச் சின்னவ. முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு நாங்க வரிசையில நிப்போம். என் ஜோடி மருந்துக்கடைக்காரர் வீட்டு அம்மா. தலைத்துணியை ரெண்டு ஊக்கு குத்தி இறுக்கிக்கிட்டு வருவாங்க. அவங்க ஒரு தலையணையை நெஞ்சோட சேர்த்துப் பிடிப்பாங்க, நான் அடிப்பேன். அப்புறம் மாத்திக்குவோம்.

முதல் ரெண்டு வாரம் ஒத்தை அடிதான். விரலை மடக்கி, உள்ளங்கையோட அடிப்பாகத்தால ஒரே ஒரு குத்து. கையை எடு, நில்லு, மறுபடி குத்து. இதுல நான் கெட்டிக்காரி. அரிசி மூட்டை நகர்த்தின கை இல்லையா, மருந்துக்கடை அம்மா ரெண்டு எட்டு பின்னால போயிடுவாங்க.

மூணாவது வாரம் தொடர் அடி. வலது கை, இடது கை, முழங்கை, மூணும் ஒரே மூச்சுல. அங்கதான் மானம் போச்சு. வலது கை போகும், அதோட நின்னுடுவேன். நின்னு, “வலிக்குதா?”ன்னு கேட்பேன். நான் மட்டுமில்லை, பன்னெண்டு பேரும் அப்படித்தான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு “அய்யய்யோ”, ஒரு “வலிக்குதாக்கா”. மண்டபம் முழுக்க அதே சத்தம்.

அந்தப் பொண்ணு தலையில அடிச்சுக்கிட்டா. “அக்கா, நீங்க அடிக்க வந்தீங்களா, நலம் விசாரிக்க வந்தீங்களா?”

எல்லாரும் சிரிச்சோம். அவ சிரிக்கலை. “ஒத்தை அடி கைக்குப் பலம் வர்றதுக்குத்தாங்க்கா. அதை மட்டும் பழகினா, அடிச்சிட்டு நிக்கிறதும் சேர்ந்தே பழகிடும். நீங்க நிக்கிற அந்த நேரம் போதும், அவன் திரும்பி அடிக்க. வாயை மூடிக்கிட்டு ரெண்டாவதை விடுங்க.”

அது எனக்குன்னே சொன்ன மாதிரி இருந்துச்சு. “அவன்”னு அவ சொன்ன இடத்துல எனக்கு ஒரே முகம்தான் தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கிட்டு, பாயைச் சுருட்டி நிறுத்தி வெச்சுப் பழகினேன். வலது, இடது, முழங்கை. பாய்கிட்டயே ரெண்டு தடவை “வலிக்குதா”ன்னு கேட்டிருக்கேன், அவ்வளவு ஊறிப்போன பழக்கம். நினைச்சா எனக்கே ஆத்திரமா வரும். ஆடி முடியற வரைக்கும் அந்த வாயை என்னால அடக்க முடியலை.

ஆவணி பிறந்துச்சு. மண்டபத்துல வாழைமரம் கட்டிட்டாங்க, கிளாஸ் நின்னுபோச்சு. அவரும் வந்து சேர்ந்தார்.

அஞ்சாம் நாள் மத்தியானம், சாப்பிட்ட தட்டை எடுக்கக் குனிஞ்சேன். யாரோ போட்டுக்கொடுத்திருக்காங்க. “கல்யாண மண்டபத்துல போய்க் குதிக்கிறியாமே? உனக்கு எதுக்குடி அது?” எழுந்துட்டார். நான் நிமிர்றதுக்குள்ள கை ஓங்கியாச்சு.

நான் யோசிக்கவே இல்லை. என் உள்ளங்கை அவர் நடு நெஞ்சுல இறங்குச்சு. பின்னால போய் பீரோவுல இடிச்சு, அப்படியே தரையில உட்கார்ந்துட்டார். ரெண்டாவது அடிக்கு என் இடது கை மேல வந்து நின்னுச்சு. அதே நேரம் இந்தப் பாழாப்போன வாய் கேட்டுடுச்சு.

“வலிக்குதா?”

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். கோபம் வரும்னுதான் நினைச்சேன். நெஞ்சைத் தடவிக்கிட்டே, சின்னப் பிள்ளை மாதிரி, “வலிக்குது”ன்னார்.

எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. பயத்துல இல்லை. “எனக்கும் இப்படித்தாங்க வலிச்சுது”ன்னேன். “பதினோரு வருஷமா. நீங்க ஒரு தடவை கூடக் கேட்கலையே.”

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கிட்டு வாசல் தாண்டிப் போற வரைக்கும், நான் இடது கையை இறக்கலை.