ஆழம் வெட்டாத கிணறு

எங்கள் ஊர் உத்திரமேரூர் பக்கம். அங்கே கிணற்றில் தண்ணீர் இறங்கினால் இன்னும் ஆழம் வெட்டுவோம். வேறு யோசனை எங்களுக்குத் தெரியாது.

நானும் வீட்டுக்காரரும் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில், நாலு அறை உள்ள சின்ன லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினோம். அதற்கு முன் அதே இடத்தில் அவர் வாட்ச்மேன், நான் அறை பெருக்குகிறவள். முதலாளிக்கு வயதாகிவிட்டது, எங்களிடம் விட்டுவிட்டார். பக்கத்தில் மீனவர் குப்பம். அவர்களுக்குக் குடிதண்ணீர்க் கிணறு ஒன்றுதான். அது எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு, மழை பொய்த்த ஒரு வருஷம். மாசியிலேயே எங்கள் கிணற்று மோட்டார் காற்றை இழுத்தது. கோடை விடுமுறைக்கு நாலு அறைக்கும் ஆட்கள் சொல்லி வைத்திருந்தார்கள். என் தாய்மாமா கிணறு வெட்டுகிறவர். அவரை ஊரிலிருந்து வரவழைத்தேன்.

கிணற்றில் இறங்க அவர் கயிறு கட்டும்போது மீன்கார அக்கா வந்தார். குப்பத்துக்காரர், எங்கள் சமையலுக்குத் தினமும் மீன் கொடுக்கிறவர். அன்று கூடையை இறக்கவில்லை.

“இன்னாம்மா பண்ணிக்கினு கீறீங்க?”

“தண்ணி இல்ல அக்கா. ஆழம் போடுறோம்.”

“எவ்ளோ?”

“தண்ணி ரொம்புற வரைக்கும்” என்றார் மாமா.

“உங்க ஊர்ல கடல் கீதா?”

“ஏரி கீது.”

“அப்ப வாய மூடிக்கினு கயித்த அவுத்துடு.”

மாமா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. கூடையோடு கிணற்று மேடையில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. “அப்ப நாங்க மூட்ட கட்டிக்கினு ஊருக்குப் போவவா?” என்று கேட்டேன்.

“வா” என்று எழுந்தார்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பங்களா. பூட்டிக் கிடந்தது. அங்கே கிணற்றை ஆழப்படுத்தி ஓயாமல் இறைத்தார்களாம். அக்கா ஒரு வாளி இறைத்து என் கையில் ஊற்றினார். வாயில் வைத்தேன். கரித்தது. துப்பினேன்.

“நல்ல தண்ணி மேலதான் நிக்குது. அடியில உப்பு. தோண்டனா மேல ஏறிக்கும். உன் கெணறு போனா எங்களுதும் போச்சு. அப்பால புள்ளைங்களுக்கு இன்னாத்த குடுக்குறது?”

திரும்பும்போது ஊர் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அங்கே எங்கள் தெருவில் குழாய் வராத காலம் உண்டு. ஊர்க்கிணற்றில் நாங்கள் இறைக்கக் கூடாது. குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, யாராவது மனசு வைத்து ஊற்றும்வரை நிற்பேன். குடிக்கும் தண்ணீருக்கு நிற்பது என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“ரெண்டு ரூம பூட்டிடலாம்யா.”

“சீசன்லயா?”

“ஆமா. ஷவரயும் கயட்டிடு. ஆளுக்கு ஒரு வாளி.”

“வர்றவன் அந்த வாளிய நம்ம தலைல கவுப்பான்.”

“கவுக்கட்டும். நாம குளிச்சாப்ல ஆச்சு.”

அவர் பீடியை அணைத்துவிட்டு ஸ்பேனரைத் தேடப் போனார்.

மாமாதான் சமாதானம் ஆகவில்லை. வெட்ட வந்தவன் வெட்டாமல் போனால் ஊரில் சிரிப்பார்கள் என்றார். அவருக்கும் வேலை கொடுத்தோம். குளித்த தண்ணீர் மணலில் வீணாகாமல் தென்னைக்குப் போக வாய்க்கால் வெட்டினார். மொட்டை மாடி மழைத் தண்ணீர் இறங்க ஒரு குழியும் எடுத்தார். அக்கா பக்கத்திலேயே நின்றார்.

“இன்னும் ஒரு மம்டி போடலாமா தாயே?”

“போட்டுப் பாரு. உள்ள தள்ளி மூடிடுவேன்.”

அதன்பின் மோட்டாரைக் காலையில் கொஞ்ச நேரம் மட்டும் போட்டோம். வந்தவர்களிடம் அறையைக் காட்டும் முன்பே வாளியைக் காட்டினேன். சிலர் பையைத் தூக்கிக்கொண்டு வேறு லாட்ஜுக்குப் போனார்கள். சிலர் தங்கினார்கள். அந்தக் கோடையில் நாங்கள் பல நாள் கஞ்சிதான் குடித்தோம்.

சித்திரை கடைசியில் குப்பத்துக் கிணற்றுக்குப் போனேன். பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அக்கா ஒரு சொம்பு மொண்டு கொடுத்தார். குடித்தேன். நல்ல தண்ணீர்.

“இன்னொரு சொம்பு ஊத்தவா?”

“போதும் அக்கா. எல்லாரும் நிக்கிறாங்க.”

ஐப்பசி மழை இறங்கும்வரை அந்த இரண்டு அறையையும் நாங்கள் திறக்கவில்லை.