சந்தனப் பொட்டு வைத்த இசைத்தட்டு

போன நவராத்திரிக்கு எங்கள் வீட்டில் ஓர் இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் புது இசைத்தட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூப் போட்டு, கற்பூரமும் காட்டியாயிற்று. காட்டியவர் என் வீட்டுக்காரர். நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே அந்தக் காட்சியைக் கண்டேன். கும்பத்துக்குப் பக்கத்தில் மகளின் வயலின், மகளின் பல்கலைக்கழகப் புத்தகங்கள், நான் எந்தக் காலத்திலோ படித்து முடித்த கணக்கியல் புத்தகம். அவற்றுக்கு மேலே அன்று காலைதான் தபாலில் வந்த என் இசைத்தட்டு. அட்டைப் படத்தில் மழைக்குள் ஒரு பஸ் தரிப்பிடம். அதன் கூரையில் சந்தனப் பொட்டு.

"என்னப்பா இது?" என்றேன்.

"இசை எல்லாம் சரஸ்வதிதானே. புதுசு வேறை. வைச்சிட்டன்."

"பிளேயரையும் தூக்கி வைச்சிருக்கிறியள்?"

"அது வாத்தியம்தானே."

அம்ப்ளிஃபயருக்கும் பொட்டு. அதன் வயரைக்கூடச் சுருட்டி, நூல் கட்டி வைத்திருந்தார். ஸ்பீக்கர்கள் இரண்டும் பாரமானவை என்பதால் நின்ற இடத்திலேயே பொட்டு வாங்கியிருந்தன. மகள் மாடிப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, "இட்ஸ் ஐகோனிக், அம்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

சரஸ்வதிக்கு வைத்த பொருளை விஜயதசமியன்று பூசை முடித்து எடுக்கும்வரைக்கும் தொடக் கூடாது. பள்ளிக்கூடக் காலத்தில் இதைப்போல ஒரு நல்ல சட்டம் எங்களுக்கு வேறு இருந்ததில்லை. புத்தகத்தை வைத்துவிட்டால் படி படி என்று ஒருவரும் உயிரை வாங்க முடியாது. சிட்னியில் செவன் ஹில்ஸ் பக்கம் குடிவந்து இத்தனை வருடமாகியும் என் வீட்டுக்காரர் அந்தச் சட்டத்தில் ஒரு மயிரிழை அசையவில்லை. கறிக்கு உப்புக் கூடினால் பேசாமல் சாப்பிடுவார், நான் காரை இடித்துக்கொண்டு வந்தால் ஒரு சொல் சொல்லமாட்டார். பூசை விசயத்தில் மட்டும் மனுசன் கருங்கல்.

வேறு இசைத்தட்டாக இருந்தால் நானும் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போயிருப்பேன். ஆனால் இதற்காக ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள்.

அவள் என் பல்கலைக்கழகத் தோழி. நானும் அவளும் சிட்னிக்கு வந்த புதிதில், கன்ரீனில் ஒரு மேசைக்கு முன்னால் எதிரெதிரே இருந்து பழகினோம். பழக்கம் என்ன பழக்கம், சண்டைதான். அவளுடைய பையில் இந்தக் குழுவின் சீடி இருந்தது. என்னிடமும் இருந்தது. அதில் எந்தப் பாட்டுத் திறம் என்று அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. எனக்கு அவர்களுடைய ஆரம்பகாலத்துத் துள்ளல் பாட்டுகள் வேண்டும். அவளுக்கு அழுது வடிகிற மெதுப் பாட்டுகள் வேண்டும். ஒவ்வொரு புது ஆல்பத்துக்கும் நான், "இவங்கள் கிழடு தட்டீட்டாங்களடி" என்பேன். "நீ மட்டும் என்ன, குமரியோ?" என்று அவள் திருப்பித் தருவாள்.

ஒன்றில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனோம். இந்தக் குழுவில் இரண்டு கிட்டார்காரர்கள். ஒருவர் இடது ஸ்பீக்கரில் நிற்பார், மற்றவர் வலது ஸ்பீக்கரில் நிற்பார். ஒருவர் ஒன்று சொன்னால் மற்றவர் அதற்கு வாய்காட்டுவார். தொடக்கத்தில் இருந்தே அவர்களுடைய பாணி அதுதான். அதற்காகவே ஒரு வழக்கம் வைத்திருந்தோம். புது ஆல்பம் வந்தால் முன்கூட்டி ஒரு துண்டும் கேட்கக் கூடாது. என் வீட்டுச் சோபா செற்றியில், பெரிய ஸ்பீக்கர்களுக்கு நடுவில், இரண்டு பேரும் சேர்ந்திருந்து முதல்தரம் கேட்க வேண்டும். பிள்ளை பெற்ற காலத்திலும் நான் இதை விட்டதில்லை. அவள் விவாகரத்து நடந்த மாதத்திலும் விட்டதில்லை.

இந்தமுறை அந்தக் குழுவினர் நெடுங்காலம் சும்மா கிடந்துவிட்டு, தலை நரைத்தபிறகு ஓர் ஆல்பம் போட்டார்கள். அதே வருடம் என் தோழியின் வலது காதுக்குப் பின்னால், நரம்பில், ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது. புற்றுநோய் இல்லை. உயிருக்கும் பயமில்லை என்றார்கள். ஆனால் விட்டால் மூளையை நெருக்கும், எடுத்தால் அந்தக் காது போய்விடும். ஏற்கெனவே அந்தக் காது அரைவாசி போய், உள்ளே கூ என்று ஒரு சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் படிப்பிக்கிறவள். "வலப்பக்கத்திலை இருக்கிற பெடியளுக்கு இனிக் கொண்டாட்டம்தான். என்ன கதைச்சாலும் எனக்குக் கேக்காது" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எடி, அந்தப் புது ஆல்பத்தை மட்டும் ரெண்டு காதாலையும் கேட்டிட்டுப் போகோணும். அவ்வளவுதான் எனக்கு" என்றாள்.

ஒப்பரேசனுக்கு நவராத்திரி முடிந்து அடுத்த கிழமைதான் நாள் தந்திருந்தார்கள். ஆகவே சனிக்கிழமை கேட்பதாகத் திட்டம். இசைத்தட்டுக்குப் பொட்டு விழுந்த மறுநாள் அவள் போன் எடுத்தாள். யாரோ ஒருவர் வரமுடியாதென்று சொன்னதால் இடம் வந்துவிட்டதாம். வியாழக்கிழமை விடிய வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். வியாழக்கிழமைதான் விஜயதசமி.

நான் நேரே வீட்டுக்காரரிடம் போனேன். "இஞ்சாருங்கோ, அந்த ரெக்கோர்டை எடுக்கப் போறன்" என்றேன்.

"வைச்சதை எடுக்க ஏலாது."

"அவள் வியாழன் போறாள். பிறகு அந்தக் காது இல்லை. விளங்குதோ உங்களுக்கு?"

"விளங்குது. அதுதான் சொல்லுறன். தங்கச்சியின்ரை காதிலை கத்தி வைக்கப்போற நேரம் பாத்துச் சரஸ்வதியோடை சேட்டை விடச் சொல்லுறீரோ? நான் அவவின்ரை பேரிலை அர்ச்சனையும் செய்து வைச்சிருக்கிறன்."

என் தோழியை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். எனக்கு வந்த கோபத்தில் குசினிக் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். சரஸ்வதிக்கு வேறு வேலை இல்லையோ, ஒரு பிளேயரைத் தொட்டதற்கு அவள் ஆஸ்பத்திரி வரைக்கும் தேடிப்போவாளோ என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவர் எழும்பிப் போய், விளக்குக்கு இன்னும் எண்ணெய் விட்டு, அவளுடைய பேரைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கும்பிட்டார். மனுசன் பிடிவாதம் பிடிக்கவில்லை, பயந்துபோய் இருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பயந்தவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

"ஜஸ்ட் ஸ்ட்ரீம் இட், அம்மா" என்றாள் மகள். போனில் கேட்க என்ன தடை? தோழியைக் கேட்டேன்.

"ஹெட்போனிலை அந்தக் காதுக்குக் கூ எண்டுதான் கேக்குது. பெரிய ஸ்பீக்கர் எண்டால் கொஞ்சம் பிடிபடும். பரவாயில்லை, விடு. அண்ணாவோடை கொழுவாதை" என்றாள்.

அவள் ஒன்றையும் விடுகிற ஆளில்லை. அவளே விடு என்று சொன்னபிறகு என்னால் விட முடியவில்லை.

புதன்கிழமை வேலையில் தலையிடி என்று சொல்லிவிட்டு மத்தியானமே வெளிக்கிட்டேன். வருவது வரட்டும், கும்பத்தடியில் இருந்து நானே தூக்குவது என்ற முடிவோடு வீட்டுக்குள் போனால், வீட்டுக்காரர் குளித்துத் தோய்ந்து வேட்டி கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் இருக்கிறார். முன்னால் இரண்டு பஞ்சாங்கங்கள்.

இதை வெளியாருக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்குப் பஞ்சாங்கம் இரண்டு. பழைய வாய்பாட்டின்படி கணிக்கிறது வாக்கியம். புதுக் கணிப்பு திருக்கணிதம். இரண்டுக்கும் சில மணித்தியாலம் வித்தியாசம் வரும், சிலவேளை விரதமே நாள் மாறிவிடும். என் வீட்டுக்காரர் வாக்கியம். சும்மா வாக்கியம் இல்லை, கடும் வாக்கியம். சொந்தத் தமையன் திருக்கணிதப்படி வருடப்பிறப்புக் கொண்டாடினார் என்பதற்காக அந்த வருடம் கைவிசேடக் காசு வாங்கவே அவர் வீட்டுப் பக்கம் போகாத மனுசன். திருக்கணிதக்காரரைப் பற்றிக் கதை வந்தால், "அவை கொம்பியூட்டர் ஆக்கள்" என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவார்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல், திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் விரலை வைத்தபடி சொன்னார். "இதின்படி பாத்தால், சிட்னி நேரத்துக்கு, இண்டைக்குப் பின்னேரமே தசமி துடங்குதாம்."

"நீங்கள் வாக்கியம் எல்லோ?"

"இண்டைக்குத் திருக்கணிதம். தங்கச்சியை வரச்சொல்லும்."

அந்தப் பஞ்சாங்கம் எங்கள் வீட்டில் கிடையாது. தமையன் வீட்டுக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார். அங்கே என்ன நக்கல் எல்லாம் கேட்டாரோ தெரியாது, அதை இன்றுவரை எனக்குச் சொல்லவும் இல்லை. கலியாணம் கட்டிய நாளில்கூட அந்த மனுசனில் எனக்கு அவ்வளவு அன்பு வந்ததில்லை.

பின்னேரம், வெயில் இன்னும் முற்றத்தில் இருக்கும்போதே அவள் வந்தாள். வீட்டுக்காரர் பூசை செய்தார். அவலும் கடலையும் தந்தார். பிறகு இசைத்தட்டைத் தூக்கி அவளுடைய இரண்டு கையிலும் கொடுத்து, "முதல் நீங்கள் தொடுங்கோ தங்கச்சி" என்றார். ஏடு தொடக்குகிற பிள்ளையைப்போல அவளும் பயபக்தியோடு வாங்கினாள். அந்த அட்டைக்குள் இருக்கிற பாடகன் இதைப் பார்த்திருக்க வேண்டும். நாலு வார்த்தைக்கு ஒரு தூசணம் வைத்துப் பாடுகிறவன்.

ஊசியை அவள்தான் வைத்தாள். சத்தத்தை வேண்டிய அளவுக்குக் கூட்டினோம். இடது பக்கத்துக் கிட்டார் தொடங்கியது. கொஞ்சம் பொறுத்து வலது பக்கத்தில் மற்றது வந்து வாய்காட்டியது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்து, "கேக்குதடி" என்றாள். பாடகனுடைய குரல் கரகரத்துப் போயிருந்தது. முந்தி எட்டிப் பிடித்த உயரத்தை இப்போது அவன் பிடிக்கவே பார்க்கவில்லை, கீழே நின்று நிதானமாகச் சொன்னான். முழங்கால் நோவைப் பற்றி ஒரு பாட்டு. விற்றுப்போட்ட வீட்டைப் பற்றி ஒரு பாட்டு. நல்ல பாட்டுகள். நான் அழுதேன். அவள் அழவில்லை, கண்ணை மூடிக்கொண்டு தலையை அங்கும் இங்கும் திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

முதல் பக்கம் முடிந்தது. தட்டை மறுபக்கம் திருப்ப எழும்பினேன். அவள் என் கையை விடவில்லை.

"வேண்டாம்."

"என்னடி வேண்டாம்? பாதிதானே போனது."

"அது கிடக்கட்டும். ஆஸ்பத்திரியாலை வந்து கேக்கிறதுக்கு ஏதும் புதுசா இருக்கோணும் எனக்கு."

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. காது போனது. முதல் கொஞ்சக் காலம் குடிகாரனைப்போலச் சுவரைப் பிடித்து நடந்தாள். ஆட்கள் நிறைந்த இடத்தில் கதைத்தால் களைத்துப்போனாள். தெருவில் ஜகரண்டா மரங்கள் பூத்துக் கொட்டிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காதுக்குப் பின்னால் முடி குட்டையாக முளைத்திருக்க, என் வீட்டுக்கு வந்து செற்றியின் வலது கரையில் இருந்தாள். மறுபக்கத்தைப் போட்டோம்.

உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பக்கம் படுமோசம். ஒரு பாட்டில் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவந்து கோரஸ் பாட வைத்திருந்தார்கள். கடைசிப் பாட்டு முடிகிற மாதிரி முடிகிற மாதிரிப் போய் முடியவே இல்லை. ஆனால் நான் பாட்டைக் கேட்டதைவிட அவளுடைய முகத்தைத்தான் கூடப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வலது ஸ்பீக்கரை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் பார்த்தாள்.

"இவங்கள் செய்ததிலை இதுதான் திறம்" என்றாள் முடிவில்.

"ஓம், நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "என்ன சொன்னனி?"

"நல்லா இருக்கு எண்டன்."

"அந்தப் பிள்ளையளின்ரை கோரஸ்?"

"அதுவும் வடிவாத்தானே இருக்கு."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "எடி விசரி, காதுதான் போனது, மூளை கிடக்கு! உந்தக் கோரஸ் உனக்குப் பிடிச்சதோ? உனக்கோ? பாவம் பாத்து ஓம் போடுறதெண்டால் சொல்லு, நான் இனி இஞ்சை வரேல்லை. வீட்டிலை இருந்து தனியக் கேக்கிறன். எல்லாரும் எனக்கு ஓம் போடுறியள். நீயுமோ?"

அதற்குப் பிறகு நான் பொறுக்கவில்லை. கோரஸைக் கிழித்தேன். கடைசிப் பாட்டைக் கிழித்தேன். வயது போனால் வீட்டில் கிடக்கத் தெரியாத கிழடுகள் என்றேன். அவளும் எழும்பி நின்று, ரசனை இல்லாத கட்டை, அந்தக் காலத்திலேயே உனக்குத் தாளத்தைத் தவிர ஒன்றும் விளங்கினதில்லை என்று தொடங்கினாள். தன் சத்தத்தின் அளவு அவளுக்கு இப்போது சரியாகப் பிடிபடுவதில்லை, அதனால் அவள் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். வீட்டுக்காரர் அகப்பையோடு குசினியில் இருந்து ஓடிவந்து, என்ன நடந்தது, என்ன நடந்தது என்று கேட்டார். நாங்கள் அவரைக் கவனிக்கவில்லை. நான் திட்டுவதில் ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதென்று நல்ல காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அவள் என்னோடு கத்திக்கொண்டிருந்தாள்.