பெயர் போடாத புகார்

அப்போது ராஜபாளையத்தில் மில் குடியிருப்பில் இருந்தோம். நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் நான் தூங்கும்போது எதிர்வீட்டு மாரியப்பன் ரேடியோவை அலறவிடுவார். நேரில் சொல்லத் தயங்கி, குழாயடியில் இருந்த கரும்பலகையில் எழுதினேன்: ‘சிலருக்கு அடுத்தவர் தூக்கத்தைப் பற்றி அக்கறையே இல்லை.’

மறுநாள் பக்கத்து வீட்டு ராணி கைக்குழந்தையோடு மம்சாபுரத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். “இவன் அழுகையத்தான் எழுதியிருக்காக, அண்ணாச்சி” என்றாள். ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. மாரியப்பன் ஜன்னல் வழியாகச் சொன்னார்: “எவனோ சரியாத்தான் எழுதியிருக்கான். அந்தப் பிள்ளை சத்தம் தாங்க முடியல.”

அப்போதே ராணியிடம் உண்மையைச் சொல்லித் தடுத்தேன். இப்போதெல்லாம் யார்மீது குறையோ அவர் கதவைத்தான் தட்டுகிறேன். எந்த நேரத்தில் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் தட்டியது மாரியப்பன் கதவை. ரேடியோ சத்தத்தில் அவருக்குக் கேட்க நேரமாயிற்று.